பாடு வரிசையில் என் பேர்

எதிர் மேசையில் இருக்கிற யூர்கன், என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கமாட்டார். மூன்றடி தூரத்திலிருந்து கம்ப்யூட்டரில் விண்ணப்பம் அனுப்புவார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குக் கோபம்கூட வந்தது. மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனுக்கு என்ன விண்ணப்பம் வேண்டிக்கிடக்கிறது? இப்போது பழகிவிட்டது. எங்கள் கம்பெனியில் கிடங்கின் மென்பொருள், வேறு ஊரிலிருக்கிற தொழிற்சாலையின் மென்பொருளைக் கூப்பிட்டு வேலை வாங்கும். யார் எதைக் கூப்பிடலாம், எதைக் கூடாது என்று எழுதிவைப்பதுதான் என் பிழைப்பு. எல்லாவற்றையும் கூப்பிடலாம் என்று ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் வேலை சுலபம். நான் போட்டதே இல்லை.

இதெல்லாம் எனக்குப் புதுசுமில்லை. பழவேற்காட்டு ஏரியில் எங்கள் குப்பத்துக்காரர் யாரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. பட்டியலில் பேர் உள்ள, கல்யாணமான ஆண்களுக்குள் சீட்டுப் போட்டு, இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று முடிவாகும். ஒரு பேர் போனால்தான் இன்னொரு பேர் ஏறும். எனக்குக் கல்யாணம் ஆனதும் நைனா தன் பேரை விட்டுக்கொடுத்து என்னைச் சேர்த்தார். மறுவருஷமே நான் விமானம் ஏறிவிட்டேன். மூன்று வருஷமாக என் முறைக்கும் அண்ணன்தான் ஏரியில் இறங்கினார்.

போன ஐப்பசியில் அண்ணன் போன் செய்தார். "டேய், செல்வத்துக்குக் கல்யாணம் ஆயிட்ச்சில்ல, பாடு கேக்கறான். உன் பேர எடுக்கலாமான்னு கூட்டத்துல கேப்பாங்க. சீக்கிரம் திரும்பி வந்துடுவேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, போதும்."

செல்வம் எங்கள் சித்தப்பா மகன். பேர் இல்லாததால் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவன். எனக்கோ திரும்பிப்போகிற எண்ணம் இல்லை. ஆனாலும் நைனா கொடுத்த பேரை விட மனசு வரவில்லை.

மறுநாள் யூர்கனிடம் பொதுவாகத்தான் கேட்டேன். "ஒருவன் மூன்று வருஷமாக வரவே இல்லை. அவன் பேரில் அவன் அண்ணன் வேலை செய்கிறார். அந்தப் பேரை வைத்திருக்கலாமா?"

யூர்கன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்தவன் பேரில் நுழைகிறாரா? நம் கம்பெனியில் எந்தப் பிரிவு? அந்தக் கணக்கை இன்றைக்கே மூடு!"

ஏரியைப் பற்றிக் கேட்டேன் என்று நான் சொல்லவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கமாகப் போயிற்று.

"எடுத்துடச் சொல்லுண்ணா" என்றேன் அண்ணனிடம்.

"போடா, பெரிய நியாயஸ்தன்! அதையும் எடுத்துட்டா இந்த ஊர்ல உனக்கு இன்னாடா இருக்கு?" என்று போனை வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். செல்வத்தின் பாடு நாள் அது. "வாண்ணா, ஏறு" என்று படகில் ஏற்றிக்கொண்டான். வலையை இழுக்கும்போது நானும் கயிற்றைப் பிடித்தேன். அவன் மரியாதையாக அதை என் கையிலிருந்து வாங்கினான்.

"நீ குந்துண்ணா. சட்ட நனஞ்சிடப்போவுது."

குந்தினேன்.