ரான் அக்காவின் மூடிகள்

இடது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை பதினான்கு கோப்பைகள், தட்டும் மூடியுமாக. வலது கையில் கொதிக்கும் செப்புக் கெண்டி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார் ரான் அக்கா. மேசையருகே மணிக்கட்டை ஒரு சுண்டு. தட்டுகள் வழுக்கிப்போய் ஆளுக்கு ஒன்றாக நிற்கின்றன. அவற்றின்மேல் தேயிலை போட்ட கோப்பைகள். தோள் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் விளிம்புக்கு ஒரு நெல்மணி கீழே நின்றுவிடுகிறது. மேசையில் ஒரு சொட்டு இல்லை.

"தண்ணி வருது, சாஞ்சுக்குங்க!"

சீனாவின் செங்து நகரில், இந்த ஆற்றங்கரைத் தேநீர்க்கடையில் அந்தக் குரல் கேட்டால், யாராக இருந்தாலும் மூங்கில் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாக வேண்டும். பேச்சும் நின்றாக வேண்டும்.

வயது ஐம்பத்திரண்டு. ரப்பர் பூட்ஸ், காதிடுக்கில் பாதி புகைத்த சிகரெட். யார் பெயரும் அவருக்குத் தெரியாது. "பேரு எதுக்கு? நீ மல்லிகை, அவரு பச்சை, அந்த மூலையில இருக்கற கஞ்சன் வெறும் சுடுதண்ணி." கெண்டியைத் தலைமேல் சுழற்றிக் காட்டச் சொன்ன ஒரு சுற்றுலாப் பயணிக்கு, "சர்க்கஸ் எதிர்த்தெருவுல, தம்பி" என்று பதில் வந்தது.

இங்கே யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. மூடிதான் பேசும். தட்டில் சாய்ந்திருந்தால் தண்ணீர் வேண்டும். மூடிய கோப்பைமேல் ஒரு தேயிலை இருந்தால் ஆள் திரும்பி வருவார், இடத்தைத் தொடாதே. மூடி கோப்பைக்குள் கிடந்தால் முடிந்தது, எடுத்துப் போ. எழுபது மேசைகள். நான் இங்கே தேநீர் குடிக்க வரும் எட்டு வருடத்தில் ஒரு மூடியையும் அவர் தப்பாகப் படித்து நான் பார்த்ததில்லை, போன சனிக்கிழமை வரை.

அன்று காலை நூடுல்ஸ் கடை சியோங் சகோதரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வீட்டில் தீராததை நாலு பேர் நடுவே தேநீர் வைத்துப் பேசுவது ஊர் வழக்கம். பத்தொன்பது வருடம் ஒரே அடுப்பில் நின்றவர்கள். தம்பி ஆர்லின் பிரிந்துபோய்ப் பேரங்காடியில் தனிக்கடை போடப் போகிறாராம்.

"போடா, போ. போனா என் வாசப்படி மிதிக்காத" என்றார் அண்ணன் தாலின்.

"உன் வாசப்படிய யாரு கேட்டா? மிளகா எண்ணெய் காய்ச்சறவன் நான். நீ வாசல்ல நின்னு கதை அளக்கறவன்!"

தாலின் கையை ஓங்கினார்.

"தண்ணி வருது, சாஞ்சுக்குங்க!"

இரண்டு மூக்குகளுக்கும் நடுவே கொதிநீர் இறங்கியது. சாய்ந்தார்கள். மூச்சு வாங்கினார்கள். செத்துப்போன அப்பாவைப் பேச்சில் இழுத்தபோதும் அதே தண்ணீர். எண்ணினேன், நான்கு முறை. கோப்பைகளில் தண்ணீர் குறையவே இல்லை. நிறைந்தவற்றிலேயே நூல்போல ஊற்றினார். ஒரு முறையும் வழியவில்லை.

ஐந்தாவது முறை சண்டை மூண்டபோது அவர் கடைசி மேசையில் இருந்தார். ஆர்லின் எழுந்தார். மூடியைக் கோப்பைக்குள் போட்டார்.

"முடிஞ்சுது அண்ணே."

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. தாலின் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரான் அக்கா வந்தார். கோப்பையை எடுக்கவில்லை. உள்ளே கிடந்த மூடியை எடுத்து உதறி, தண்ணீர் ஊற்றி மூடினார். அண்ணன் கோப்பையிலிருந்து ஒரு தேயிலையை விரலால் எடுத்து அந்த மூடிமேல் வைத்தார்.

"அக்கா, அவன் மூடிய உள்ள போட்டுட்டுப் போய்ட்டான்" என்றார் தாலின்.

"எனக்குக் கண்ணு சரியில்ல."

காலி நாற்காலியை இழுக்க வந்தவருக்கு அதட்டல் விழுந்தது: "ஆளு இருக்கு. மேல எல தெரியல?"

ஆறிய தண்ணீரை இரண்டு தடவை கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி மூடினார்; இலையையும் மறக்காமல் மேலே வைத்தார். மூன்றாவது தடவை அவர் குனிந்திருந்தபோது, வாசலில் ஆர்லினின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ரான் அக்கா நிமிரவில்லை. இலையைச் சுண்டி எறிந்துவிட்டு, மூடியைத் தட்டில் சாய்த்து வைத்தார்.