அம்மன் திருத்திக் கொடுத்த ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரருக்கு வந்த அந்தக் காய்ச்சலை நினைத்தால் இன்றும் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது. இரண்டுமே அம்மன் கொடுத்ததுதான். அதனால் இரண்டையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மலேசியாவில் ஈப்போ நகருக்கு அருகே, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். பெயரைக் கேட்டதும், "பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊரா?" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. போன தீபாவளி முடிந்து பெய்த மழையில் ஆறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்து, தண்ணீர் வடிந்ததும் திரும்பினோம். வீடெல்லாம் சேறு. செத்த எலிகள் வேறு.

என் வீட்டுக்காரர் மணியம் வெறுங்காலோடு சேற்றில் இறங்கிவிட்டார்.

"பூட்ஸ் போட்டுக்குங்க" என்றேன்.

"தோட்டத்து அட்டைக்கே பயப்படாத காலுலா இது" என்றார்.

அந்தக் காலைத்தான் உடைந்த தகரம் கிழித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடியும் சேற்றுக்குள் நின்றார். பிடிவாதத்துக்கு என்ன மருந்து இருக்கிறது?

சில நாளில் காய்ச்சல் ஆளை அடித்துப் போட்டது. கெண்டைக்கால் வலியில் நடக்க முடியவில்லை. கண்கள் சிவந்துவிட்டன. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

"கெஞ்சிங் மானிஸாம்லா" என்றார் வந்ததும். மலாய் மொழியில் கெஞ்சிங் என்றால் மூத்திரம், மானிஸ் என்றால் இனிப்பு; சர்க்கரை வியாதிக்கு அப்படிச் சொல்வார்கள். "எங்க அண்ணனுக்கு இருந்துச்சே, அதேதான். ரத்தம் எடுக்கணும்னாங்க, நான் வந்துட்டேன். சீனிய நிறுத்துனா சரியாப் போயிடும்."

சீனி போடாத தேத்தண்ணி, காலையில் பாகற்காய்ச் சாறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் குடித்தார். குணமாகவில்லை. சிறுநீர் கறுத்தது. கண்ணில் மஞ்சள் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றால், "சீனிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர் போய்விடுவார் என்றே தோன்றியது.

அடுப்படியில் இருந்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். "தாயே, நான் சொன்னா இவரு கேக்க மாட்டாரு. யாரு சொன்னா கேப்பாரோ, அவங்கள அனுப்பும்மா." அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திருநீறாவது பூசி வரலாம் என்று கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோயில் கொஞ்ச தூரம்தான். பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நிற்கவே முடியாத மனிதருக்கு அப்போது மட்டும் எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "வேணாம்லா! எனக்குக் கெஞ்சிங் மானிஸ்!" என்று கோயிலே கேட்கச் சொன்னார்.

வரிசையில் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். முகாமில் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த நர்ஸ் அவள். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

"அண்ணே, நீங்களா? உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்! மானிஸ் இல்லண்ணே, தீக்குஸ்! கெஞ்சிங் தீக்குஸ்!"

தீக்குஸ் என்றால் எலி. எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீர் புண்ணில் பட்டு வரும் காய்ச்சல். முகாமில் ஜெனரேட்டர் இரைச்சலில் இவர் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்திருக்கிறது. மீதியை அண்ணன் வியாதியிலிருந்து இவரே எடுத்து ஒட்டிக்கொண்டார்!

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "அக்கா, இப்பவே ஈப்போவுக்குப் போங்க. இருங்க, நானும் வாரேன்." அவள் சொன்னதும் என் வீட்டுக்காரர் உடனே அவளுடைய காரில் ஏறினார். யார் சொன்னால் கேட்பாரோ, அந்த ஆளையே தாய் அனுப்பிவிட்டாள்!

சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். நான் தாயே, தாயே என்றபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இறங்கிக் கண் விழித்தவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அந்தப் பொங்கல் மிச்சம் இருக்கா?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

திருவிழாவுக்கு மட்டும் கோயில் பக்கம் வந்தவர் இப்போது வெள்ளிதோறும் பொங்கல் கொடுக்கிறார். மழை பெய்தால் வீடு வீடாகப் போய், "பூட்ஸ் போடுங்கலா!" என்று கத்துகிறார். கேட்காதவர்களுக்குக் காலில் உள்ள தழும்பையும் காட்டுகிறார். அவரை உயிரோடு திருப்பிக் கொடுத்த தாய்க்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்!

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் வெட்கப்படாமல் அவளிடம் கெஞ்சுங்கள். பதில் கட்டாயம் அனுப்புவாள். என் வீட்டுக்காரரைப் போல முதல் வார்த்தையோடு எழுந்து வந்துவிடாமல், கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேளுங்கள்.