எட்டு நிறத்தில் அம்மாவின் முகம்

ஆரோக்கியமேரி எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவள் அல்ல. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் லாரி எடைமேடைக் கணினியைப் பத்து வருடமாக ஆள்கிறவள். தான் படித்த பள்ளிக்கு 2007இல் வெள்ளி விழா என்றதும், "எங்க காலத்துக் கம்ப்யூட்டர நான் காட்டுறேன் சார்" என்று தானே போய்ச் சொன்னாள்.

அந்தப் பழைய இயந்திரம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. புதிய கணினிக்குள் அச்சு அசலாக அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள் அவளிடம் இருந்தது. அதில் அவள் காட்ட நினைத்தது ஒரே ஒரு படம்: அம்மா சுகிர்தாவின் முகம். அன்றைய கணினி அறையைத் தினமும் பெருக்கித் துடைத்தவள் அம்மா. பிள்ளைகள் பாடத்துக்கு வந்ததும், "வெளிய போம்மா, தூசு" என்று விரட்டப்பட்டவளும் அவள்தான். அந்தத் திரை உயிரோடு ஒளிர்ந்து ஒருநாள்கூட அவள் பார்த்ததில்லை.

விழா அன்று மதியம் ஒத்திகை. படம் வந்தது, முகம் வரவில்லை. கண்ணும் மூக்கும் கந்தல் கந்தலாய்ச் சிதறிக் கிடந்தன.

கணினி ஆசிரியர் துளசிராமன் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது, மிக்ஸில போட்டு அடிச்ச மாதிரி கீது? உட்டுடு. பள்ளிக்கூட முத்திரை ரெடியா கீதுல்ல, அதையே போட்டுக்கலாம்."

"மூணு மணிக்குத்தான சார் விழா? அதுக்குள்ள எங்கம்மா மூஞ்சி வந்துடும்."

மேரி விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். படத்தை அழித்துவிட்டு, ஒன்பதே ஒன்பது வெள்ளைத் துணுக்குகளை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். அவை பக்கவாட்டில் ஓடவில்லை! எட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒன்பதாவது மேலே ஏறி, முதல் துணுக்கின் பக்கத்தில் நின்றது. அந்த இயந்திரம் திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்புகிறது. இவளோ படத்தை வரிவரியாகக் கொடுத்திருந்தாள். மாற்றி அடுக்க நிரல் எழுதி முடித்தபோது பந்தலில் ஒலிபெருக்கி கூப்பிட்டது.

முன்வரிசையில் அம்மா. பெரிய திரையில் மேலிருந்து நெற்றி வந்தது, கண்கள் வந்தன, மூக்குத்தி வந்தது, கடைசியில் அந்தச் சிரிப்பும் வந்தது.

"மேரி, ஏண்டி என் மூஞ்சி மஞ்சளா கீது?"

"அதுக்கு மொத்தமே எட்டு கலர்தாம்மா. இருக்கறதுலயே நல்லதா பாத்து உனக்குப் போட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுகிர்தாவின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"சரிம்மா, அடுத்து முத்திரையைப் போடு" என்றார் துளசிராமன்.

சுகிர்தா எழுந்து நின்றாள்.

"இருக்கட்டும் சார். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருக்கேன்."

மேரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.