அட்டையில்லாத மாத்திரையை நான் கொடுக்க மாட்டேன்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் ஆயா. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, டயபர் மாற்றுவது என் வேலை. மாத்திரை கொடுப்பது சிஸ்டர் வேலை. அப்படிச் சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள்.

இரண்டு மாடிக்கும் ஒரே சிஸ்டர் என்று ஆன பிறகு அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. காலையில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, "நீயே குடுத்துடும்மா" என்று சிஸ்டர் மாடிக்கு ஓடிவிடுவார். எது எதற்கு என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்?"

ஒரு நாள் ஜன்னலோரக் கட்டில் அங்கிளை எழுப்பி உட்காரவைத்தேன். அப்படியே சாய்ந்துவிட்டார்.

"தலை சுத்துது, விடு" என்றார்.

அவர் கிண்ணத்தில் மூன்று மாத்திரை. ஒன்று பிரஷருக்கு என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். எது என்று எனக்குத் தெரியாது. மூன்றும் வெள்ளை. தலை சுற்றும்போது அதைக் கொடுக்கலாமா என்பதும் தெரியாது. தெரியாததை ஒரு மனிதர் வாயில் போட நான் தயாரில்லை.

படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன். "சிஸ்டர், வந்து பாருங்க. அங்கிளுக்குத் தலை சுத்துதாம்."

"மாத்திரைய குடுத்துட்டு படுக்க வை. அப்புறமா வரேன்."

"நீங்க வராம குடுக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு, இல்லத்தை நடத்தும் மேடம் வந்தார். "ஒரு மாத்திரை குடுக்க இவ்ளோ ரகளையா? இஷ்டமில்லன்னா நாளைலேருந்து வராத."

கிண்ணத்தை அவர் கையில் வைத்தேன். "அப்ப நீங்களே குடுங்க மேடம்."

கிண்ணத்தைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். கொடுக்கவில்லை. "சிஸ்டர், கீழ வாங்க!" என்று கத்தினார். அவர் கைக்கு ஒரு நியாயம், என் கைக்கு ஒரு நியாயம்.

சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தார். ரொம்ப இறங்கியிருந்தது. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, ஒரு மாத்திரையை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் அவரே கொடுத்தார்.

அங்கிள் என்னை முறைத்தார். "ஒண்ணு குறையுதே. நீ முழுங்கிட்டியா?"

"ஆமா அங்கிள். எனக்கும் பிரஷர்தான்."

மறுநாளும் வேலைக்குப் போனேன். திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லை. கிண்ணங்கள் வழக்கம்போல வரிசையாக இருந்தன. நான் தொடவில்லை. "திமிர் புடிச்சவ" என்றபடி சிஸ்டர் அட்டைகளை எடுத்துவந்து, எது எதற்கு, எப்போது கொடுக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு பேருடையதைச் சொல்வதற்குள் மாடியில் மணி அடித்தது. ஓடினார்.

அந்த இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தேன். மற்றக் கிண்ணங்களைத் தட்டால் மூடி வைத்தேன். அவர் திரும்பி வரட்டும்.