இரண்டு தரம் புதைத்த எலும்பு

என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை நான் அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பை மடிக்கும்போது கைப்பேசியோடு ஓடி வந்தாள். விஞ்ஞான ஆசிரியை வகுப்புக்கு அனுப்பிய படமாம். எங்கோ ஐரோப்பாவில், வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், மேசையில் கிடந்த காண்டாமிருகப் பல்லொன்றைச் சின்னத் தூரிகையால் தடவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள் கல்லாகிப்போன முலையூட்டிகளின் எலும்பையும் பல்லையும் ஐரோப்பா தொடங்கி ஆசியாவின் இந்த முனை வரை தேடியெடுத்து, எது எங்கே நடந்து போனது, எதற்கு எது சொந்தம் என்று பார்க்கிறார்களாம். அதற்கே ஆயுளைச் செலவழிக்கிறார்களாம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு சீட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதெல்லாம் நல்லாத்தான் வெச்சிரிக்காங்க!" என்று சத்தம் போட்டுவிட்டேன். மகள் பயந்துபோனாள்.

"என்ன உம்மா?"

"நானும் ஒரு காண்டாமிருகத்துக்குச் சீட்டு எழுதினேன். ஒருத்தரும் வாசிக்கல்ல."

அலுமாரிக்குள்ளிருந்து பிஸ்கட் தகரத்தை எடுத்து, என்னிடம் மிஞ்சியிருக்கும் பல்லை அவள் கையில் வைத்தேன். எலும்பு இல்லை. அதை எங்கள் ஆட்கள் ஒரு தரமல்ல, இரண்டு தரம் புதைத்துவிட்டார்கள். தொழுகைக்குப் பின் எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஆத்திரம் ஆறவில்லை. அதற்குரிய ஆள்தான் மாறிவிட்டது.

அப்போது எனக்கும் இவளுடைய வயதுதான். சுனாமியில் கடல் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குள் வந்துபோய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம் என்பதால் அல்லாஹ் காப்பாற்றினான். உம்மாவின் தம்பியான என் மாமாவின் வீடு கடற்கரையில். அன்று மாமா ஊரில் இல்லை. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் எடுக்கும் குழியொன்றில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பாதையெல்லாம் உடைந்து, அவர் வந்து சேர மூன்று நாள் பிடித்தது. அதற்குள் மாமியைக் கண்டெடுத்து மற்றவர்களோடு அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். மாமாவின் ஒரே மகள், என் வயதுக்காரி, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளைக் கண்டெடுக்கவே இல்லை.

மாமாவின் பையில் ஒரு சட்டை இருந்தது. வரப்போகும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவளுக்கென்று வாங்கியது. மஞ்சள் நிறம், கழுத்தில் வெள்ளை ரேந்தைப் பின்னல், முன்பக்கம் கீழ் வரை பொத்தான். அடுத்த வருடமும் போடட்டும் என்று பெரிதாகவே எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள் அவர் பையைத் திறக்கையில் பார்த்தேன். என் அளவுக்கும் சரியாக வரும். தருவார் தருவார் என்று பார்த்திருந்தேன். பெருநாளும் வந்து போனது. சட்டையைத் திரும்பவும் இரத்தினபுரிக்கே கொண்டுபோய்விட்டார். போடுவதற்கு ஆளில்லாத சட்டையை ஒரு மனிதர் எதற்காக ஊர் ஊராகச் சுமக்க வேண்டும்? மாமாமீது எனக்கு வந்த முதல் கோபம் அது.

அப்படிப் போனவர்தான் ஒரு நாள் தோளில் சாக்கோடு வந்து இறங்கினார்.

"மகள், உனக்கொரு சாமான் இரிக்கு."

சாக்கிலிருந்து வெளியே வந்தது எலும்பு. கறுத்து, கல்லாய்க் கனத்தது. நிறுத்தி வைத்தால் என் தொடை வரை வரும். ஒரு முனை உடைந்திருந்தது. மாணிக்கக்கல் கிடக்கும் பரல் மண்ணோடு குழிக்குள் கிடந்ததாம். தூக்கி எறியப் போனவர்களிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இது என்ன மாமா?"

"மிருகம் மகள். பழைய காலத்து மிருகம். பக்கத்திலயே இதுவும் கெடந்த," என்று சாரன் மடியிலிருந்து பல்லை எடுத்தார். அது என் உள்ளங்கையை நிறைத்தது. "மனிசனுக்கு இப்படிப் பல்லிரிந்தா எத்தின பராட்டா தின்பான் பாரு!"

கடல் வந்த பிறகு மாமா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"எனக்கா மாமா? முழுக்கவும் எனக்கா?"

"ஓம். உனக்குத்தான்."

இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உனக்குத்தான் என்றார்.

பள்ளிக்கூடத்தில் அப்போது விஞ்ஞானக் கண்காட்சி வரவிருந்தது. பல்லைச் சீலைத்துண்டில் சுற்றிக் கொண்டுபோய் விஞ்ஞான டீச்சரிடம் காட்டினேன். காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிற டீச்சர். பல்லைக் கண்டதும் கையிலிருந்த சோக்கை வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஜன்னலடிக்குப் போனார்.

"புள்ள, இது காண்டாமிருகம் போலத்தான் கிடக்கு. ஆனா இதுகளப் படிச்சவங்கதான் உறுதியாச் சொல்லோணும். எலும்பும் இருக்கெண்டு சொன்னாய் என்ன? நடுவில, பக்கவாட்டில, ஒரு முண்டு தள்ளிக்கொண்டு நிக்குதா எண்டு பார். மனிசன்ட துடை எலும்பில அப்படி இராது."

பகல் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். முண்டு இருந்தது. என் முஷ்டியளவு.

மறுநாள் டீச்சர் எனக்கென்று தனியாகக் கதைத்தார். இப்போது நம் தீவில் காண்டாமிருகம் இல்லை. ஒரு காலத்தில் காண்டாமிருகமும் நீர்யானையும் இருந்திருக்கின்றன. கடல் கீழே இறங்கிக் கிடந்த காலத்தில் இந்தியாவும் நாமும் ஒரே தரை. காண்டாமிருகத்தின் சொந்தக்காரர்கள் சீனா தொடக்கம் ஐரோப்பாவின் பனிவெளி வரை மேய்ந்தார்கள். குளிருக்குக் கம்பளி மயிர் வளர்த்தவர்களும் அதில் உண்டு. தின்னும் தீனி மாற மாறப் பல்லும் மாறும். அது இலட்சக்கணக்கான வருட வேலை. அதன் பெயர் கூர்ப்பு, பரிணாமம். "ஒரு பல்லுக் கிடைச்சாக் காணும், எந்தக் குடும்பத்து ஆள் எண்டு கண்டுபிடிச்சிருவாங்க," என்றார்.

அல்லாஹ் எதை எப்போது படைத்தான், எப்படி மாற்றினான் என்பதை அவனே அறிவான். எனக்கு அன்று ஒரே ஒரு மலைப்புத்தான்: இப்போது கடல் இருக்கும் இடத்தின் வழியே அது நடந்து வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மட்டையில் என் நல்ல எழுத்தில் எழுதினேன். காண்டாமிருகம். தொடை எலும்பு. இரத்தினபுரி. கொண்டுவந்தவர் என் மாமா.

சீட்டின் பசை காயவில்லை, பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் வாப்பாவைத் தேடி வந்துவிட்டார். நிர்வாகத்தில் மூத்தவர். விறாந்தையில் கிடந்த எலும்பைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அதைத் தன் தொடையோடு வைத்து அளந்து பார்த்தார்.

"இது துடை எலும்பெல்லா! எங்கால கிடைச்ச?"

"இரத்தினபுரியில," என்றார் மாமா.

"பாவா ஆதம் மலைக்குக் கிட்டயா?"

"கிட்டத்தான். நிண்டு பாத்தா மலை தெரியும்."

"ஸுப்ஹானல்லாஹ்! ஆதம் நபிட உயரம் அறுபது முழம். அந்தக் காலத்து மனிசர் நம்மளப்போல குள்ளனா? நாப்பது முழ அவுலியாமார்ட கபுறு எத்தின ஊர்ல இரிக்கு! ஒரு மூமினான மனிசன்ட எலும்ப இப்படி விறாந்தையில போட்டு வெச்சிரிக்கியளே, உங்களுக்குப் பயமில்லையா?"

நான் குறுக்கே விழுந்தேன். "இது காண்டாமிருகம் மரைக்காரப்பா! இஞ்ச பாருங்க, முண்டு இரிக்கு!"

"முண்டா? விழுந்து அடிபட்டு வீங்கியிரிக்கும். அந்தக் காலத்து ஆக்கள் சும்மாவா இருந்தாங்க, மலையேறித் திரிஞ்சவங்க."

இப்படிப்பட்ட விளக்கத்தோடு எந்த விஞ்ஞானம் போட்டி போடும்? வாப்பா மாமாவைப் பார்த்தார்.

"நீ என்ன செல்றாய் மச்சான்?"

மாமா எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மிருகம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. "மனிசனா இரிக்கலாம்," என்றார். "மண்ணுக்குக் குடுத்திருவம் மச்சான்."

நான் உள்ளே ஓடிப்போய்ப் பல்லை எடுத்துவந்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். மாமா என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, பல்லை என் கைக்குள்ளேயே மூடிவிட்டார். "இது உன்னோட இரிக்கட்டும் மகள். காட்டாத," என்று காதுக்குள் சொன்னார். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர்! சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, நடு விறாந்தையில் நின்று பொய்!

அன்றைக்கே அடக்கினார்கள். மௌலவி ஊரில் இல்லை. தொழுகை தேவையில்லை, மரியாதையாகச் சுற்றி வைத்தால் போதும் என்று மரைக்காரே முடிவு செய்தார். வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டு மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தானே சுற்றுவதாகச் சொல்லிவிட்டார். வெகு நேரம் எடுத்தது. ஒரு எலும்பைச் சுற்ற இவ்வளவு நேரமா என்று கதவில் காலால் உதைத்தேன்.

அடக்கம் செய்யும் மையவாடியின் மதில் ஓரம் கவிழ்ந்து கிடந்த வாளியில் ஏறி நின்று எல்லாம் பார்த்தேன். கபுறு வெட்டுகிறவர் எவ்வளவு நீளம் என்று கேட்க, மாமா தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். அதில் பாதி கூட இல்லை எலும்பு! அளவு கூடத் தெரியாதா இவருக்கு? குழிக்குள் இறங்கவும் வேறு யாரையும் விடவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கிப்லாப் பக்கம் சரித்து வைத்து, அங்கேயே குனிந்திருந்தார். "போதும் தம்பி, ஏறு," என்று மரைக்கார் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பல்லைக் காட்டினேன். "எங்கட மரைக்கார்மார் காண்டாமிருகத்துக்குக் கபுறு வெட்டியிரிக்காங்க!" என்றேன். இரண்டு நாளில் ஊர் சிரித்தது. தேத்தண்ணிக் கடையில் மாமாவைக் கண்டவர்கள், "என்ன தம்பி, உங்கட காண்டாமிருகத்துக்கு எப்ப கத்தம் ஓதுற? பிரியாணியா, நெய்ச்சோறா?" என்று கேட்டார்களாம். மாமா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். வீட்டிலும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

மௌலவி ஊர் திரும்பியதும் பல்லைக் கொண்டுவரச் சொன்னார். ஓடிப்போய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மிருகம்தான். மையவாடியில வெச்சிரிக்க ஏலா. எடுத்திருங்க," என்றார். உண்மை ஜெயித்தது என்று எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு முன்பே மாமா கல்முனைக்குப் போய் முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்கு ஏறிவிட்டார். பகல் பள்ளிவாசல் மோதினார் வெள்ளைப் பொதியைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கண்காட்சி. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பொதியைப் பிரித்தேன்.

வெள்ளைத் துணிக்குள் மஞ்சள். அந்தச் சட்டை. சுற்றியிருக்கவில்லை, எலும்புக்கு உடுத்தியிருந்தார். கழுத்திலிருந்து கீழ் வரை ஒரு பொத்தான் விடாமல் பூட்டியிருந்தது. ரேந்தையில் ஈரமண்.

"உம்மா! இஞ்ச வாங்க! எனக்குத் தராத சட்டைய எலும்புக்குப் போட்டிரிக்காரு மாமா!"

உம்மா வந்து பார்த்தார். அப்படியே தரையில் இருந்துவிட்டார். நான் சட்டைக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, "ஊத்த லேசாத்தான் உம்மா, கழுவினாப் போயிரும்," என்றேன். உம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

வாப்பா வந்து பார்த்தார். நான் கழற்றத் தொடங்கியிருந்த மேல் பொத்தானைத் திரும்பவும் பூட்டி, வெள்ளைத் துணியால் மூடி, பொதியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மறு கையில் மண்வெட்டி. கடற்கரைப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டு போனேன்.

"வாப்பா, நாளைக்குக் கண்காட்சி!"

"ஓம் மகள்."

"அது காண்டாமிருகம். மௌலவியே செல்லிட்டாரு."

"தெரியும். மாமா வந்த அண்டைக்கே எனக்கிட்டச் செல்லிட்டான்."

"தெரிஞ்சுமா? அப்ப மரைக்காருக்கு ஏன் செல்லல்ல?"

வாப்பா மாமாவின் வளவுக்குள் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. கிணற்றடியில் வெட்டினார். ஒரு எலும்புக்குத் தேவையானதை விட நீளமாகத்தான் அவரும் வெட்டினார். வைத்து மூடும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வா. மூணு புடி போடு. அவள்ட ஆக்கள் ஆரும் போடல்லதானே."

யாருடைய ஆட்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம். மணலை அள்ளி என் பலமெல்லாம் சேர்த்து வீசியெறிந்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது பிடியை எறியும்போது, கையை மட்டும் கொஞ்சம் மடித்துத் தைத்திருந்தால் அந்தச் சட்டை எனக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.