சௌயிங்கின் மூலைத் தொட்டி

சௌயிங்குக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று குவாய்ச்சுங் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. தெருமுனை வறுவல் கடையில் பொழுதெல்லாம் வாத்து வெட்டுகிறவள். வீட்டுக்குப் புறப்படும்போது கத்தியைக் கடையில் வைத்துவிடுவாள், நாக்கைக் கையோடு கொண்டுவந்துவிடுவாள். ஆனால் வீட்டு மூலையில் இருந்த உப்புநீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும், குவான்யாம் அன்னைக்கு ஊதுபத்தி ஏற்றும்போது இருக்கிற முகம் அவளுக்கு வந்துவிடும். தெய்வம் எந்தக் கல்லிலும் கொஞ்சம் ஈரம் வைத்துத்தான் படைக்கிறது. இவளுடைய ஈரம் அந்தத் தொட்டியில் இருந்தது.

தொட்டி வைத்து ஒரு வருஷம் வரை அவள் கடல்சாமந்தி, பூப்போலக் கை விரித்துக் கல்லில் ஒட்டி வாழும் அந்தக் கடல் உயிர், வாங்கவில்லை. புதுத் தண்ணீரில் விட்டால் அது நிலைக்காது, கரைந்து செத்து மற்றதையும் கொன்றுவிட்டுப் போகும் என்று கேட்டறிந்திருந்தாள். வருஷம் திரும்பிய பிறகுதான் மொங்கொக்கில் தங்கமீன் தெருவுக்குப் போனாள். கடைக்காரன் டக், வெள்ளை வெளேரென்று ஒன்றைக் காட்டினான்.

"அக்கா, இதப் பாருங்க, முத்து மாதிரி!"

"முத்தா? சீக்கு. வெளுத்துப்போன சீக்க முத்துன்னு விக்கிறியே, வாய் கூசல உனக்கு?"

ஓரத்தில் கல்லோடு ஒட்டிக்கிடந்த பழுப்பு நிறத்து ஒன்றைக் காட்டினாள். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் வாய் இறுக மூடியிருந்தது. விரலை நீட்டியபோது அதன் கைகள் பசைபோல் பற்றிக்கொண்டன.

"அத எடு. அடிக்கால் கிழியாம எடு. அத நான் பாக்கணும்."

"என்னக்கா, மருமக பாக்க வந்தீங்களா, கடல்சாமந்தி வாங்க வந்தீங்களா?"

"மருமகன்னா வாய மட்டும் பாத்தா போதும். இதுக்குக் காலையும் பாக்கணும். பேசாம எடுடா."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அந்தப் பழுப்புக்காரி முதல் வாரம் அடங்கவில்லை. இரவில் ஓரிடம், காலையில் ஓரிடம். போகிற வழியில் தொட்டியிலிருந்த இரண்டு பவளங்களைக் கொட்டிச் சுட்டும் விட்டது. சௌயிங் பம்பின் வாயில் பஞ்சைக் கட்டி, அது உள்ளே இழுபடாமல் காத்தாள். கடைசியில் ஒரு கல்லிடுக்கில் காலை ஊன்றி நின்றது. கோமாளி மீன் ஜோடி அதற்குள் புகுந்து குடித்தனம் தொடங்கியது. வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை இறால். வாத்துக் கொழுப்பு ஒட்டிய கையை மணிக்கட்டு வரை கழுவி, சோப்பு வாசமும் போகக் கழுவி, அப்புறம்தான் ஊட்டுவாள். புருஷன் கம்சூனுக்கு அந்தக் கை எப்போதும் கொழுப்போடுதான் சோறு போட்டது.

நான்கு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் கம்சூனின் அக்கா பிக்ஹா, ஒரு மடக்குக் கட்டிலோடு வந்து சேர்ந்தாள். புருஷன் இல்லை, மகன் கனடாவுக்குப் போய்விட்டான். கழிப்பறைக்குப் பக்கத்து நடையில் கட்டிலை விரித்தார்கள். அன்று முதல் அவள் கண் தொட்டி இருந்த மூலையின் மேலேயே இருந்தது.

"மூக்குச்சளி மாதிரி ஒண்ணு. அதுக்கு ஜன்னலோரம், வெளக்கு, காத்து. மனுஷிக்குக் கக்கூஸ் வாசம். நல்ல வீடு!"

"அந்தச் சளி என் சோத்துல உப்பு இல்லன்னு சொல்றதில்ல அண்ணி."

"அதுக்கு ஊட்டிவிடுற இறால்ல பாதி எனக்கு வந்திருந்தா நானும் சொல்லமாட்டேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் கம்சூன் சோற்றுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஒரு நாள் கிண்ணத்தை ஓங்கி வைத்தான்.

"கேளுங்க ரெண்டு பேரும். புதுவருஷம் பொறக்கறதுக்குள்ள அந்தத் தொட்டியில எதாவது செத்துச்சுன்னா தொட்டி போகும், அக்கா கட்டில் அங்க வரும். பண்டிகை நேரத்துல வீட்டுல சாவு ஆகாது. ஒண்ணும் சாகலன்னா தொட்டி அங்கயே நிக்கும். அதுக்கப்புறம் ஒருத்தி வாய் தொறக்கக்கூடாது."

சௌயிங் மறுநாள் முதல் தண்ணீரை இரண்டு மடங்கு கவனித்தாள். ஆனாலும் பனிக்காலம் முற்றியபோது பாசி தின்ன விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்து உதிர்ந்தன. கடல்சாமந்தி சுருங்கியது. நான்கு வருஷமாக இறுகியிருந்த அதன் வாய், பேசத் தெரியாத நோயாளியின் வாய்போலத் திறந்து கிடந்தது.

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நேராக நடைக்குப் போனாள்.

"என்ன ஊத்தின? சொல்லு! பினாயிலா?"

"ஊத்தறதுன்னா ஒன் தலைல ஊத்தியிருப்பேன். அந்தத் தண்ணிய நான் ஏன் தொடப்போறேன்?"

"கட்டில் போட எடம் வேணும்னு ஒரு உயிரக் கொல்லுவியா? குவான்யாம் அன்னை முன்னாடி எப்படி நிக்கிற நீ?"

"உயிராம்! ஒம் புருஷனுக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படிக் கத்தினியா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

சௌயிங் ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு டக்கின் கடைக்கு ஓடினாள். அவன் மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தான், நீலம் ஓடியது.

"மீனுக்கு ஒண்ணுமில்ல, எலும்பில்லாததுதான் சாகுதுன்னு நீங்க சொன்னப்பவே நெனச்சேன். செம்பு இது அக்கா, அதுங்களுக்கு வெஷம். உள்ள எங்கயோ செம்பு கெடக்கு. கையோட தேடுங்க."

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வடிகட்டிப் பெட்டி. அதைக் கலைத்தாள். பஞ்சுக்கு அடியில், சதுர ஓட்டைக் காசு ஐந்து, சிவப்பு நூலில் கோத்து, பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. பழைய ராஜாக்கள் காலத்துச் செப்புக் காசு. கெட்டது அண்டாமல் இருக்க வாசலில் தொங்கவிடுவார்கள், நீரும் காற்றும் பார்த்து மனை சொல்கிற சாமியார்கள் கொடுப்பது. அவள் வாசலிலும் ஒரு கோவை தொங்கியது. கெட்டதைத் தடுக்கிற அதே காசு கொல்ல வந்திருந்தது, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

காசுக் கோவையைச் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்ப் பிக்ஹாவின் போர்வை மேல் போட்டாள்.

பிக்ஹா அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"ஊத்தினியான்னு கேட்ட. நான் ஊத்தல. போட்டேன்."

"எதுக்கு?"

பிக்ஹா கழுத்துத் துணியை விலக்கினாள். காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி.

"ரெண்டு மாசமா இருக்கு. ஆஸ்பத்திரில சதைய வெட்டி எடுத்திருக்காங்க, முடிவு வரல. ஓடற தண்ணில போடு, கெட்டது தண்ணியோட போயிரும்னு சாமியார் சொன்னார். இந்த வீட்டுல ஓடற தண்ணி வேற எங்க இருக்கு? கக்கூஸ்லயா போடுவேன்?"

சௌயிங் குனிந்து கட்டியை உற்றுப் பார்த்தாள். ஆனால் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். "கம்சூன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"ஒன் வாத்துக்கத்தி முன்னாடியா? கட்டிலுக்காக நான் நடிக்கிறேன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள்தான். அது தெரிந்ததால் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தாள்.

கடல்சாமந்தியைக் கல்லோடு பையில் போட்டு, குளிர் படாமல் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டக் தன் சொந்தத் தொட்டியில் விட்டுக்கொண்டான். பிழைக்கும் என்று சொல்லவில்லை, பார்ப்போம் என்றான்.

வீட்டில் கம்சூன் தீர்ப்பு சொன்னான். "நத்தையும் உயிர்தான். செத்தது செத்ததுதான்." தொட்டியைத் தூக்க ஆள் சொல்லிவிட்டான். சௌயிங் வாதாடவில்லை. செம்பு குடித்த மணலையும் கல்லையும் எப்படியும் கொட்டத்தான் வேண்டும். மீன்களை வாளிக்கு மாற்றினாள்.

தூக்குகிறவர்கள் வர வேண்டிய காலையில் பிக்ஹா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக மூலைக்குப் போய், தொட்டி நின்ற அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வந்த ஆட்கள் கயிற்றோடு வாசலில் நின்றார்கள்.

"எந்திரி அக்கா, தொட்டிய எடுக்கணும்," என்றான் கம்சூன்.

"எடுக்கக்கூடாது. கட்டி ஒண்ணுமில்லன்னுட்டாங்க, சும்மாக் கொழுப்பாம். எனக்கு வந்தத அந்தச் சளி வாங்கிக்கிச்சு. என் கெட்டத வாங்கின தொட்டியத் தெருவுல விட்டா அது திரும்பி எங்கிட்டத்தான் வரும். கட்டில் நடையிலயே கெடக்கட்டும்."

சௌயிங் வாளிப் பக்கத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"அது எதையும் வாங்கல. நீ வெஷம் வெச்ச, அது சாகக் கெடக்குது."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. அதுக்கு எதாவது செய்யணும்னு எனக்கும் இருக்கு."

"செய்றதா இருந்தா ஒண்ணு செய். இந்தப் பக்கமே வராத."

"வந்து என்ன அள்ளப்போறேன், ஒன் உப்புத்தண்ணிய?"

தூக்க வந்தவர்கள் கூலியில்லாமல் திட்டிக்கொண்டே போனார்கள். சௌயிங் மணலை மாற்றி, கல்லை மாற்றி, மறுபடி வெறும் தண்ணீரிலிருந்து தொடங்கினாள். அந்தத் தண்ணீருக்குள் கடல்சாமந்தியைக் கொண்டுவிட இன்னும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். அதுவரை அது தங்கமீன் தெருவில் இருந்தது. பாதி உடம்பு போய், மீதியில் மெல்ல வாயை மூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இறாலோடு போய், வெளிச்சம் போதாது என்று டக்கைத் திட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் அவளும் பிக்ஹாவும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை பேசாமல். ஆனால் கம்சூன் சிகரெட்டோடு மூலைப் பக்கம் போனால் நடையிலிருந்து ஒரு குரல் வரும்:

"சாம்பல அதுல தட்டின, கைய ஒடிச்சிருவேன்!"

அந்தக் குரல் சௌயிங்குடையது இல்லை.