காலையில் மட்டும் வரும் வாதம்

என் இரண்டு கைகளுக்கும் வாதம் வந்துவிட்டது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அதுவும் விசித்திரமான வாதம். விடிந்ததும் வரும், வெயில் ஏறியதும் இறங்கிப் போய்விடும். காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தலைகாட்டும். காபி டம்ளரைப் பிடித்தால் ஒளிந்துகொள்ளும். இப்படி ஒரு நோய் உலகத்தில் உண்டா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், உண்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பம்பாயில், கோட்டைப் பகுதியில் ஒரு துணிக் கம்பெனியில் நான் தலைமை குமாஸ்தா. முதலாளி ஒரு குஜராத்தி சேட். செம்பூரில் தோட்டத்தோடு வீடு. அவருடைய டிரைவர் சம்பளம் ஜாஸ்தி என்று பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டான். ஆபீசில் யாருக்காவது கார் ஓட்டத் தெரியுமா என்று சேட் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எப்போதோ மைத்துனனிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்ததைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து கார் மாதுங்காவில் எங்கள் கட்டடத்து வாசலில் மரத்தடியில் தூங்கும். விடிந்ததும் நான் சயான், சுனாபட்டி வழியாகச் செம்பூர் போய்ச் சேட்டை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வர வேண்டும். கட்டடத்தில் என் மதிப்பு மளமளவென்று உயர்ந்தது. மாடியில் குடியிருந்த ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர்கூட எனக்கு நமஸ்காரம் சொல்ல ஆரம்பித்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம், மரத்தடியில் கறுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது. வண்டியைத் தாராவிக்கு ஓட்டிப் போனேன். அங்கே தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவே திருநெல்வேலிக்கார பிட்டர் ஒருவர் கார் ரிப்பேர்ப் பட்டறை வைத்திருந்தார். அந்த இடத்துக்குப் போகிறவன் மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. பிட்டர் வண்டிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார்.

"சாமி, ஸ்டியரிங் பெட்டியில ஒரு சொட்டு எண்ணெ கெடையாது. எல்லாம் ஒழுகிட்டு. இப்பிடியே ஓட்டினியன்னா உள்ள பல்லு தேஞ்சு, ஒரு நாளு வண்டி ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீய."

பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு தோல் துண்டை வாங்கி வாஷர் வெட்டிப் போட்டு ஒழுக்கை அடைத்தார். எண்ணெய்க்குத்தான் கை விரித்தார். "கெட்டி எண்ணெய எல்லாம் பட்டாளத்துக்காரன்லா அள்ளிட்டுப் போறான்! சேட்டுகிட்ட சொல்லி எங்கியாவது வாங்கி ஊத்திக்கிடுங்க."

சேட்டிடம் சொன்னேன். 'பார்க்கலாம்' என்றார். அவர் பார்ப்பதற்குள் பல் தேய்ந்துவிடும் என்று எனக்குக் கவலை. வீட்டில், பாலக்காட்டிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் டின் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்குத் தேங்காயெண்ணெயில் உள்ள நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. தலைக்கு அதுதான், வறுவலுக்கு அதுதான், தீப்புண்ணுக்கு அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான். காருக்கு மட்டும் ஏன் கூடாது?

"ஏன்னா, நேந்திரங்காய் வறுக்க வெச்சிருந்த எண்ணெயையா காருக்கு விடறேள்?" என்றாள் என் மனைவி.

"அதுவும் நம்மாத்துக் கார் மாதிரிதானே."

"ஆமாம், நம்மாத்துக் கார்! அப்போ சீயக்காயும் தேச்சு விடுங்கோ."

ஸ்டியரிங் பெட்டி நிரம்ப ஊற்றினேன். ஸ்டியரிங் வழுவழுவென்று திரும்பியது. ஒழுக்கும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சுகமாகப் போயின. எண்ணெய் ஊற்றிய கதையே எனக்கு மறந்துவிட்டது.

மார்கழி பிறந்து, பம்பாயில் அபூர்வமாக ஒரு குளிர் வந்தது. மப்ளர் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சுனாபட்டி வளைவில் எதிரே ஒரு பட்டாளத்து லாரி. இடது பக்கம் ஒதுங்க ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பவில்லை. அம்மிக்கல்லை நகர்த்துவது போல இரண்டு கையாலும் இழுத்தேன். விரல் அகலம் அசைந்தது. லாரியின் முகம் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. நான் குருவாயூரப்பனைக் கூப்பிட்டேனா, பிரேக்கை மிதித்தேனா, இரண்டில் எது முதலில் என்று இன்றுவரை நிச்சயமில்லை. லாரிக்காரன் ஒதுங்கிப் போனான். போகும்போது என் குலத்தைப் பற்றிச் சில தகவல்களை ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனான்.

செம்பூர் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. சேட் பின்னால் உட்கார்ந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் வண்டியைத் திருப்புவதைப் பார்த்துச் சிரித்தார். "க்யா பாபு, ஹாத் மே தாகத் நஹீ?"

கையில் பலம் இல்லையா என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. காரணம் உண்டு. ஆபீசில் எனக்கு எதிர் நாற்காலியில் இருந்த மராத்திக்கார குமாஸ்தாவுக்கு முந்தின மாதம்தான் ஒரு காலை வேளையில் பேனா கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எடுக்கவில்லை, அந்தக் கையில் வாதம். அவருடைய நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. கை போன குமாஸ்தாவுக்கு எந்தச் சேட் சம்பளம் கொடுப்பான்?

அன்று முதல் சோதனைகள் தொடங்கின. குளிக்கும்போது தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிப் பார்ப்பேன், தூக்க முடியும். நனைந்த வேட்டியைப் பிழிவேன், பிழிய முடியும். ஆனால் தூக்கும்போதே பயத்தில் கை நடுங்கும். 'பார், நடுங்குகிறது' என்று வாதத்தின் பக்கம் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்வேன். மறுநாள் காலையும் ஸ்டியரிங் மசியவில்லை. அதற்கும் மறுநாள் கொஞ்சம் மோசம். சுனாபட்டி வளைவு வருவதற்கு அரை மைல் முன்பே எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

கடைசி நம்பிக்கையாக, வண்டியில்தான் கோளாறோ என்று ஒரு மத்தியானம் தாராவிக்குப் போனேன். பிட்டர் டயர்களில் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்தார். ஸ்டியரிங் பெட்டியின் மூடியைத் திறந்து கம்பியை விட்டுப் பார்த்தார்.

"எண்ணெ தளும்ப இருக்கு சாமி. எங்கன புடிச்சிய?"

"கிடைத்தது" என்றேன் பெருமையாக. அந்தக் கொட்டகை நாற்றத்தில் அது என்ன எண்ணெய் என்று மோந்து சொல்ல எந்த மூக்காலும் முடியாது. என் தலையிலும் அதே எண்ணெய்தான் மணத்துக்கொண்டிருந்தது.

பிட்டர் ஸ்டியரிங்கில் ஒற்றை விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினார். "பம்பரம் கணக்கா சுத்துது. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஒங்களுக்குத்தான் ஒடம்புக்கு என்னமோ பண்ணுதோ? மொகமெல்லாம் வெளுத்துல்லா கெடக்கு!"

தீர்ப்பு வந்துவிட்டது. வண்டி நிரபராதி, குற்றவாளி என் கைகள்.

அந்த வெள்ளிக்கிழமை சேட் ஒரு குண்டைப் போட்டார். பூனாவில் அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணம். பெட்ரோல் ரேஷன் கூப்பன்களைச் சேர்த்து வைத்திருக்கிறாராம். ஞாயிறு விடியற்காலையில் அவரும் அவர் சம்சாரம் சேட்டாணியும் புறப்பட வேண்டும். நான்தான் ஓட்ட வேண்டும். வழியிலுள்ள கண்டாலா மலைச்சாலையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். ஒடிக்காதவனுக்கு நேராகப் போக வழி உண்டு, பாதாளத்துக்கு. முடியாது என்று சொன்னால் ஏன் என்பார். கை வரவில்லை என்றால் எதிர் நாற்காலியைப் போல என் நாற்காலியும் காலியாகும். சொல்லாமல் போனால் மூன்று பேரும் பாதாளத்தில். 'ஆகட்டும் சேட்ஜி' என்று என் வாய் சொன்னது. வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை.

சனிக்கிழமை காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னன்னா ஆச்சு? நாலு நாளா பேயடிச்சாப்ல இருக்கேளே!" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "கையைக் காட்டுங்கோ" என்றாள். அழுத்திப் பார்த்தாள். "எண்ணெயைச் சுட வெச்சு நீவி விடறேன், சித்த இருங்கோ" என்று உள்ளே போனவள் டங் டங்கென்று எதையோ தட்டினாள். தேங்காயெண்ணெய் பாட்டிலும் ஸ்பூனுமாக வெளியே வந்தாள்.

"இதைப் பாருங்கோ, கல்லாட்டமா உறைஞ்சு கெடக்கு. தட்டினாலும் விழமாட்டேங்கறது. இனி வெயில் ஏறினா தன்னால இளகிடும், அதுவரைக்கும் அடுப்போரமா வெச்சாத்தான் உண்டு."

நான் பாட்டிலைப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது. காலையில் கல். வெயில் ஏறினால் இளகும். காபியை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிகளில் இறங்கி வாசலுக்கு ஓடினேன். "வைத்தியத்துக்கு முன்னாடி எங்கே ஓடறேள்?" என்று அவளும் பின்னால் வந்தாள்.

அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். அதுவரை அவள் காரில் ஏறியதே இல்லை.

"அந்தச் சக்கரத்தைத் திருப்பு."

இரண்டு கையாலும் இழுத்தாள். "அய்யய்யோ, அசையலையேன்னா!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'இவளுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டதே' என்று நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு பானெட்டைத் திறந்து பெட்டியின் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். விரல் இறங்கவில்லை. சோறு பிசைய வைத்த உறைநெய் மாதிரி வெள்ளையாகக் கட்டி நின்றது. மூடியை இறுக்கிவிட்டு, குளிக்கக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரை அண்டாவோடு இறக்கிக் கொண்டுவந்து பெட்டியின் மேல் செம்பு செம்பாக ஊற்றினேன். அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள். மாடியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர், "என்ன ஓய், காருக்குக் கங்கா ஸ்நானமா?" என்று கேட்டார்.

சக்கரம் கொஞ்சம் அசைந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு முழுவதும் சுற்றியது.

"நேக்குக் கை சரியாயிடுத்துன்னா" என்றாள் அவள். "உங்களுக்கு?"

என் கைகளுக்கு வாதம் வரவே இல்லை. நான் ஊற்றிய தேங்காயெண்ணெய் குளிரில் ஸ்டியரிங் பெட்டிக்குள் உறைந்திருந்தது. அன்று மத்தியானமே பிட்டர் அதை வடித்துவிட்டு, பெட்டியைக் கழுவி, கெட்டி எண்ணெய் கிடைக்கும்வரைக்கும் என்று கிரீஸ் அடைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கண்டாலா வளைவுகளில் வண்டி திரும்பியது. சேட்டும் சேட்டாணியும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.